மலைரயிலில் ‘ரீசார்ஜ்ட்’: இயர்போனுக்கு ஒரு சோதனை

பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,890 மீட்டருக்கும் மேல். அதைத் தாண்டி ஒஹிய பக்கம் போகும் ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது காதில் லின்கின் பார்க் ராக் குழுவின் ‘ரீசார்ஜ்ட்’ ஓடினால், இயர்போனின் தரம் உடனே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் 2012இல் வந்த ‘லிவிங் திங்ஸ்’ தொகுப்பின் ராக் பாடல்களைப் பல டிஜேக்கள் கழற்றி மின்னிசையில் மறுபடி பூட்டியதுதான் 2013 அக்டோபரில் வந்த இந்தத் தொகுப்பு. 14 தடங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். 320 கேபிபிஎஸ் தரத்தில் இறக்கினால் 140 எம்பி அளவில் டேட்டா போகும்.

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பது வீண் வேலை. இதில் வரும் டப்ஸ்டெப் என்ற மின்னிசைப் பாணியின் அடித்தள பேஸ் பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கைபேசிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் அந்த அளவுக்குக் காற்றைத் தள்ள முடியாது. டிஜே டாட்சிக் செய்த ‘அன்டில் இட் பிரேக்ஸ்’ மறுவடிவம் அதில் வெறும் இரைச்சலாகத்தான் வரும். இயர்போனில் கதை வேறு. ஆனால் சிலிக்கன் முனை காதோடு இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் பேஸ் முழுக்கக் கசிந்துவிடும். பாட்டைக் குறை சொல்லுமுன் முனையை மாற்றிப் பார்க்கலாம். ரயில் சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டுவதுதான் ஆபத்து: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

ஒலி சரியாகக் கிடைத்த பிறகு, பாட்டு?

அங்கேதான் சறுக்கல். கில்சோனிக், டர்ட்டிஃபோனிக்ஸ் போன்ற டிஜேக்கள் குழுவின் பாடகர் செஸ்டர் பெனிங்டனின் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, அடுத்த பேஸ் வெடிப்புக்கு முன்னறிவிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மூன்று பாடல்கள் இரண்டிரண்டு முறை வருவது தொகுப்பை நிரப்பும் வேலையாகவே படுகிறது. இதே குழு 2002இல் வெளியிட்ட ‘ரீஅனிமேஷன்’ அப்படியில்லை. முதல் தொகுப்பான ‘ஹைப்ரிட் தியரி’யின் பாடல்களை ஹிப்ஹாப் கலைஞர்களோடு அடியிலிருந்து எழுப்பியதால் அவை புதிய பாடல்களாகவே நின்றன.

விதிவிலக்குகள் உண்டு. குழுவைச் சேர்ந்த மைக் ஷினோடாவே கைவைத்த ‘காஸில் ஆஃப் கிளாஸ்’ குரலுக்கு இடம் விடுகிறது. பீஸ்டி பாய்ஸ் குழுவோடு கீபோர்டு வாசித்த மணி மார்க்கின் ‘அன்டில் இட் பிரேக்ஸ்’ மறுவடிவம் ஆர்ப்பாட்டமில்லாதது. மலிவான இயர்போனிலும் பிழைத்துக்கொள்ளும்.

டேட்டா குறைவென்றால் இந்த இரண்டையும், அதாவது 2ஆம், 13ஆம் தடங்களை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். மிச்ச டேட்டாவுக்கு ‘ரீஅனிமேஷன்’ இருக்கிறது.