விரால் காலடியில்தான் இருக்கிறது

விரால் பிடிக்கப் புதிதாக ராடு வாங்கியவர் ஏரிக்கரைக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை, தோள் வலிக்கத் தூரமாக வீசுவது. பெரிய மீன் எல்லாம் நடு ஏரியில் இருக்கும் என்று ஒரு நினைப்பு. ஆவடியில் உள்ள கோவில்பதாகை ஏரியில் இந்தக் கணக்கு எடுபடாது. ஆவடியைச் சுற்றியுள்ள ஏரிகள் பாசனத்துக்காக உருவானவை. ஒரு பக்கம் மண்கரை, மதகு, கலங்கல்; எதிர்ப்பக்கம் மெல்ல மேடேறி நிலத்தோடு கலந்துவிடும் உள்வாய். கோரையும் சம்பும் அல்லியும் ஓரத்தில்தான் அடர்ந்து நிற்கின்றன. விரால் துரத்திப் போய் இரை பிடிக்கும் மீன் அல்ல. பதுங்கிக் கிடந்து அடிக்கும் மீன். அது தின்னும் தவளையும் கெண்டைக் குஞ்சும் தட்டானும் இருப்பது ஓரத்தில். அப்படியென்றால் விராலும் ஓரத்தில்தான். நடு ஏரியை நோக்கி வீசுகிறவர், தன் காலுக்குப் பத்தடி தள்ளிக் கிடக்கும் மீனின் தலைக்கு மேலே நரம்பைப் பறக்கவிடுகிறார்.

அதனால் படகு இல்லையே என்று புதியவர்கள் ஏங்குவதில் அர்த்தமில்லை. விரால் வேட்டையில் கரையில் நிற்பவருக்குத்தான் நல்ல இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

முதலில் நடை. மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு நீரின் அதிர்வைப் பிடித்துவிடும். கரையில் ‘தொம் தொம்’ என்று நடந்து வந்து நின்றால், ஓரத்து விரால் நீங்கள் ராடை விரிப்பதற்குள் போய்விட்டிருக்கும். மண்கரையின் விளிம்புக்கு நேரே இறங்காமல் நாலைந்து அடி பின்தள்ளி நிற்க வேண்டும். காலையில் கிழக்கு பார்த்து நின்றால் நிழல் முதுகுப் பக்கம் விழும், தண்ணீரில் விழாது. வீச்சு கரைக்குக் குறுக்காக வேண்டாம், கரையை ஒட்டி இணையாகப் போகட்டும். குறுக்கே வீசினால் இரை பத்தடிதான் மீன் இருக்கும் பட்டையில் ஓடும். இணையாக வீசினால் வீச்சின் முழு நீளமும் அந்தப் பட்டையிலேயே ஓடும். புதியவர் ஒருவர் ஒரே நாளில் திருத்திக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பழகப் பழகத்தான் வரும்.

அடுத்தது கண். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே தலைக்குள் ஒரு காற்றறை உண்டு. மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். மேலே வரவிடாமல் வலையில் மடக்கிப் போட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். இப்படித் தன் இருப்பிடத்தை அடிக்கடி தானே காட்டிக்கொடுக்க வேண்டிய நிலை மற்ற மீன்களுக்குக் குறைவு. ஜிலேபி மேலே வந்தால் சின்னச் சின்ன வளையங்கள் கூட்டமாகத் தெரியும். விரால் வந்தால் கோரைக்கு இடையில் ஒரே ஒரு அசைவு, பிறகு ஒன்றிரண்டு குமிழி, அவ்வளவுதான். அந்த இடத்தின் மேலேயே இரையைப் போட்டால் மிரண்டு ஓடும். இரண்டு மூன்றடி தாண்டி விழவைத்து, அதன் பாதையில் குறுக்கே இழுத்து வர வேண்டும். முதல் பத்து நிமிடம் வீசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பவரைக் கரையில் அபூர்வமாகத்தான் காண முடிகிறது. பார்க்கிறவருக்கே மீன் அதிகம் கிடைக்கிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மஸ்கி என்று ஒரு மீன் இருக்கிறது. விராலுக்கு உறவில்லை, குணம் அப்படியே விரால் குணம். பதுங்கிப் பாயும், நீர்ப்பூண்டு ஓரத்தில் கிடக்கும், எளிதில் சிக்காது. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அங்கே சொல்வழக்கே உண்டு. 1949-ல் விஸ்கான்சின் மாநிலத்து ஏரி ஒன்றில் கால் ஜான்சன் பிடித்த 67 பவுண்டு 8 அவுன்ஸ் மஸ்கிதான் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் சாதனைப் பட்டியலில் நிற்கிறது. நம் கணக்கில் 30 கிலோவுக்கு மேல். மஸ்கி இரையின் பின்னாலேயே வந்து, கடைசி நொடியில் காலடியில் அடிக்கும் பழக்கம் கொண்டது. அதனால் அங்குள்ளவர்கள் இரையை உடனே தூக்குவதில்லை. ராடு முனையைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு வடிவத்தில் சுற்றுவார்கள். நம் கரையில் அப்படிச் சுற்றத் தேவையில்லை. ஆனால் இரை கடைசி மூன்றடிக்குள் வந்ததும் வேகமாகச் சுருட்டி அடுத்த வீச்சுக்கு அவசரப்படுகிறோமே, அதை நிறுத்தலாம். கரைக்கு ஓரடி முன்னால் இரையை நிறுத்தி இரண்டு மூன்று நொடி விடுங்கள். பின்னால் வந்த விரால் முடிவெடுக்கும் இடம் அது.

இனி அடி. ஃபிராக் என்று கடைகளில் விற்கும் ரப்பர் தவளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே வெற்றிடம். முதுகை ஒட்டி இரண்டு முள் மேல்நோக்கி வளைந்து, ரப்பரோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால்தான் கோரையிலும் அல்லி இலையிலும் மாட்டாமல் வழுக்கி வருகிறது. விரலால் வயிற்றை அமுக்கினால் ரப்பர் தட்டையாகி முள் இரண்டும் வெளியே நீட்டும். மீன் வாய்க்குள்ளும் அதேதான் நடக்க வேண்டும். விரால் அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும், சத்தம் கேட்கும், தவளை மறையும். அந்த நொடியில் வாய் இன்னும் சரியாக மூடியிருக்காது, ரப்பர் நசுங்கியிருக்காது. சத்தத்தைக் கேட்டதும் வெடுக்கென்று இழுப்பவர் கைக்குத் தவளை மட்டும் திரும்பி வரும். சுழற்பந்தை ஆடும் பேட்ஸ்மேன் பந்து வரட்டும் என்று பின்காலில் நிற்பாரே, அந்த நிதானம் வேண்டும். ராடு முனையைத் தாழ்த்துங்கள். தொய்ந்த நரம்பைச் சுற்றி எடுங்கள். கையில் கனம் தெரிந்த பிறகு, பக்கவாட்டில் இல்லாமல் மேல்நோக்கி ஓங்கி இழுங்கள். விரால் வாய் எலும்பு வாய், மெல்லத் தூக்கினால் முள் ஏறாது. ஒன்றிரண்டு நொடிதான் எல்லாம். கேட்பதற்கு எளிது, சத்தம் கேட்ட பிறகு கையைக் கட்டி வைப்பது இந்த விளையாட்டிலேயே கடினமான திறமை.

முதல் அடி தவறிப்போனால் உடனே சுருட்டாதீர்கள். தவளையை அங்கேயே கொஞ்சம் விட்டு, லேசாக அசையுங்கள். அடித்த மீன் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும், இரண்டாவது முறை வரும்.

மாட்டிய பிறகு நடப்பதைச் சங்கப் புலவர் ஒருவர் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறார். அகநானூற்றின் 36-ஆம் பாட்டு, மதுரை நக்கீரர் பாடியது. தூண்டில் இரையை விழுங்கிய வரிகள் கொண்ட ஆண் வரால், ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூக்களைச் சிதைத்து, வள்ளைக் கொடிகளைக் குழப்பி, தூண்டில்காரன் இழுத்தும் வராமல், கயிறு பூட்டிய கோபக்காரக் காளையாகக் குளத்தைக் கலக்குகிறது. கரையில் நின்று இதைப் பார்த்திராதவர் எழுதக்கூடிய வரிசை அல்ல இது. முதலில் இலை, அடுத்து பூ, கடைசியில் கொடி. மீன் பூண்டுக்குள் பாய்ந்து, கடைசியில் கொடிச் சிக்கலுக்குள் புகுகிறது. இன்றும் புதியவர்கள் மீனை இழப்பது அந்தக் கொடியில்தான். அதனால்தான் ஒரு கிலோ விராலுக்கும் முப்பது நாற்பது பவுண்டு தாங்கும் பிரைடு என்ற பின்னல் நரம்பு போடச் சொல்கிறார்கள். அந்த பலம் மீனின் எடைக்காக அல்ல, பூண்டுக்காக. நைலான் நரம்பு நீளும். நீளும் அந்த ஓரடிக்குள் மீன் வேருக்குள் புகுந்துவிடும். ஏழடி ராடு, கொஞ்சம் விறைப்பானது, ரீலின் பிடியை நன்றாக இறுக்கி வைத்து, மாட்டிய முதல் மூன்று நொடியில் மீனின் தலையை மேலே திருப்பிவிட வேண்டும். திரும்பிவிட்டால் மீன் உங்களுடையது.

அப்படியே பூண்டில் சிக்கிக்கொண்டால் தண்ணீரில் இறங்காதீர்கள். மண் அள்ளிய ஏரிகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தவளையைவிட உயிர் பெரிது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இப்போது எனக்கு மனசு பொறுக்காத ஒரு விஷயம். மழைக்காலத்தில் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் கூட்டமாக மேல்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டு நகரும். அவையும் காற்று விழுங்க மேலே வந்தே ஆக வேண்டும். கீழே தாயும் தகப்பனும் காவல் சுற்றும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தவளையைப் போட்டால் பசி இல்லாவிட்டாலும் பெற்ற மீன் அடிக்கும். குஞ்சைக் காப்பாற்றத்தான் அடிக்கிறது. கைபேசி வீடியோக்களில் புதியவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படும் ‘உத்தி’ இதுதான். இதில் திறமை எதுவும் இல்லை. காவல் போன கொஞ்ச நேரத்தில் ஜிலேபியும் குரவையும் நீர்ப்பறவைகளும் அந்தக் கூட்டத்தைக் காலி செய்துவிடும். ஒரு மீனுக்காக ஓர் ஈற்று முழுவதும் போகிறது. குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் ராடை மடக்கிக்கொண்டு நூறடி தள்ளிப் போங்கள். கரையில் இருக்கும் மூத்தவர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

அமெரிக்க வீடியோக்களில் விராலைக் கண்டால் கொல் என்பார்கள். அங்கே அது வந்தேறி. 2002-ல் மேரிலாந்தின் குரோஃப்டன் ஊர்க் குளத்தில் நம் விராலின் சீன உறவு கிடைத்ததும் குளத்துக்கே மருந்து அடித்தார்கள். இங்கே அது மண்ணின் மீன், தெலங்கானாவுக்கு மாநில மீன். அந்த அறிவுரையை இங்கே எடுத்து வராதீர்கள். அரைக் கிலோவுக்குக் குறைந்ததைக் குறட்டால் முள்ளைக் கழற்றித் திரும்ப விடலாம். காற்று மூச்சு இருப்பதால் விரால் அதைத் தாங்கும். திரும்ப விடக் கூடாதது ஆப்பிரிக்கத் தேளி. அது இங்கே வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன்.

உயிர்த்தவளை போட்டால்தான் பெரிய விரால் வரும் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது 1987-ல். வயலில் பூச்சி தின்னத் தவளை இல்லாமல் போனதுதான் காரணம். ரப்பர் தவளை கிடைக்கும் காலத்தில் உயிர்த்தவளையை முள்ளில் குத்த ஒரு நியாயமும் இல்லை. இன்னொன்று, பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை உண்டு. குத்தகை எடுத்தவர் யார் என்று விசாரித்து, “அண்ணே, தூண்டில் போட்டுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அது அவர்கள் உரிமை.

காலம் எது? வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி உள்வாய் முழுக்கத் தண்ணீர் பரவியிருக்கும்போது மீனும் பரவிவிடும், குஞ்சுகளும் இருக்கும். கலங்கல் வழியும்போது அங்கே கூட்டம் கூடும். பாசி வழுக்கும் கல்லும் இழுப்பும் உள்ள அந்த இடம் புதியவருக்கு வேண்டாம். தை மாதத்திலிருந்து தண்ணீர் இறங்க இறங்க மீன் கோரை விளிம்புக்கு ஒதுங்கும். பழக அதுதான் நல்ல பருவம். சித்திரை வெயிலில் மதகை ஒட்டிய ஆழத்துக்குப் போய்விடும். விடியற்காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்பது பொது விதி. பகலில் நின்றே ஆக வேண்டுமென்றால் ஆகாயத்தாமரை மெத்தையைத் தேடுங்கள். அதன் அடியில் நிழலும் குளிர்ச்சியும் உண்டு. தவளையை மெத்தையின் மேலேயே போட்டு மெல்ல இழுத்து, இலைகளுக்கு நடுவே கையகலத் தண்ணீர் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்; பகல் விரால் அடிப்பது அந்த ஓட்டையில்தான்.