பாத்திரன் அல்லாத பாத்திரங்கள்

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'தகுதியுள்ளவன்' என்பதற்குப் 'பாத்திரன்' என்றே வரும். யோவான் ஸ்நானகனும், நூற்றுக்கு அதிபதியும், வீடு திரும்பிய இளைய குமாரனும், பவுலும் தாங்கள் பாத்திரர் அல்ல என்றே சொல்கிறார்கள். அந்தப் பவுலைத்தான், அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில், தாம் தெரிந்துகொண்ட பாத்திரம் என்கிறார் ஆண்டவர். கிரேக்க மூலத்தில் இவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத வேறு வேறு சொற்கள். தமிழிலோ தகுதியும் ஏனமும் ஒரே வேரில் நிற்கின்றன. தெய்வ அழைப்பைப் பற்றிய கிறிஸ்தவ எழுத்துகளை வாசிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அழைக்கப்பட்டவர்கள் முதலில் மறுப்பது பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ ஒரு மரபாகவே இருக்கிறது. எரியும் முட்செடியின் முன்னால் மோசே ஐந்து முறை தயங்குகிறார். எதிரிக்குத் தெரியாமல் ஆலைக்குள் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்த கிதியோன், தன் குடும்பம் மனாசேயில் மிக எளியது என்கிறார். எரேமியா தன்னைச் சிறுபிள்ளை என்கிறார். இவர்களில் ஒருவரிடமும் கடவுள், "இல்லை, நீ தகுதியானவன்தான்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூவருக்கும் கிடைத்த பதில் ஒன்றே: நான் உன்னோடு இருப்பேன். திறமை பற்றிய கேள்விக்குத் துணை பற்றிய பதில்.

ஆனால் மோசேயின் ஐந்தாவது மறுப்பு வேறு வகை. நான் யார், உம் பெயர் என்ன, நம்பமாட்டார்களே, எனக்குப் பேச வராதே என்ற முதல் நான்குக்கும் பொறுமையாகப் பதில் வருகிறது. வேறு யாரையாவது அனுப்பும் என்றதும் கோபம் மூளுகிறது. தாழ்மை எங்கே முடிந்து தட்டிக்கழிப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு யாத்திராகமம் 4ஆம் அதிகாரம் போட்ட கோடு இது. யோனாவை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். அவர் ஓடியது தாழ்மையால் அல்ல.

நான்காம் நூற்றாண்டில் இந்தத் தயக்கம் தனி இலக்கியமாகவே வளர்ந்தது. திருச்சபைக்கு அரசின் ஆதரவு கிடைத்தபின் ஆயர் பதவி செல்வாக்குள்ள இடமாயிற்று. அதைத் தேடி வருபவர்களும் பெருகினார்கள். அந்தச் சூழலில் நசியான்சுஸ் ஊர் கிரகோரியை, ஆயராக இருந்த அவர் தந்தையே குருவாக்கினார். கிரகோரி நண்பர் பசிலியாரிடம் ஓடிப்போனார். 362 ஈஸ்டருக்குத் திரும்பி வந்தார். ஓடியதற்கும் திரும்பியதற்கும் காரணம் சொல்லி அவர் எழுதிய உரை, மேய்ப்பர் பணி பற்றிய பிற்கால நூல்கள் பலவற்றுக்கும் தாய். மனிதரை வழிநடத்துவது கலைகளிலெல்லாம் கடினமான கலை என்று, வைத்தியத்தோடு ஒப்பிட்டு அவர் விளக்கும் பகுதியை இன்றும் ஊழியத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். அதன் சாயல் கிறிசோஸ்தோமின் குருத்துவம் பற்றிய நூலிலும் தெரிகிறது. 590இல் போப்பாண்டவரான பெரிய கிரகோரியின் மேய்ப்பர் கையேட்டிலும் தெரிகிறது. பின்னவர் ஒரு படி மேலே போகிறார். தானே முன்வந்த ஏசாயா, தயங்கி நின்ற எரேமியா இருவரையும் நடத்தியது அன்புதான் என்கிறார். கடவுளின் சித்தம் தெரிந்த பிறகும் மறுப்பது தாழ்மை ஆகாது என்பதும் அவர் தீர்ப்பு. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான வரையறையை நான் வாசித்ததில்லை.

பெண்களுக்குக் குரு, ஆயர் பதவிகளுக்கான அழைப்பு வரவில்லை. எழுதும்படி கட்டளை வந்தது. 1577இல் துறவி அவிலா தெரேசா, தலைக்குள் இரைச்சலும் உடல் தளர்ச்சியுமாக, தன்னால் ஆகாது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் ஆன்மாவை ஒரு கோட்டையாக விவரிக்கும் தம் பெரிய நூலைத் தொடங்கினார்.

காலவரிசையில் முன்னே வரவேண்டிய அகுஸ்தீனைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஆயர் இல்லாத ஊர்களுக்கே அவர் போகமாட்டார். பிடித்து ஆயராக்கிவிடுவார்கள் என்ற பயம். ஹிப்போவில் வலேரியுஸ் ஆயராக இருந்ததால் 391இல் துணிந்து போனார். கோயிலில் கூட்டம் அவரைப் பிடித்து முன்னால் தள்ளிக் குருவாக்கச் சொன்னது. அகுஸ்தீன் அழுதார். ஆயர் பதவி கிடைக்காமல் வெறும் குருவானதற்காக அழுகிறார் என்று எண்ணிப் பக்கத்தில் நின்ற சிலர் ஆறுதல் சொன்னதாக அவருடைய சீடர் பொசிடியுஸ் எழுதியிருக்கிறார்.

அதன்பின் அவர் வலேரியுசுக்கு எழுதிய கடிதம் நம் கையில் இருக்கிறது. தம்மை விடுவிக்கும்படி அதில் அவர் கேட்கவில்லை. வேதத்தில் உள்ள மருந்துகளைத் தேடிப் படிக்க ஈஸ்டர் வரை அவகாசம் கேட்கிறார். தகுதியில்லை என்ற உணர்வு அங்கே படிப்பாகவும் உழைப்பாகவும் மாறிவிட்டது.

சில ஆண்டுகளில் அந்த ஊருக்கே அவர் ஆயரானார். 430 ஆகஸ்ட் 28 அன்று, வண்டல் படைகள் நகரைச் சூழ்ந்திருக்க, தம் மக்களை விட்டு விலகாமல் ஹிப்போவிலேயே இறந்தார்.