தொட்டும் தொடாமலும்: ராக் இசையில் தந்தியின் மேற்சுரங்கள்

குடிபாலாவில் எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் ஒரு தம்புரா நிற்கிறது. அம்மாவுடையது. அவர் போன பிறகு அதை மீட்டுவார் இல்லை. உறை போட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். சென்ற பொங்கலுக்குத் திருப்பதியிலிருந்து வந்த என் அக்கா மகன், தோளில் மாட்டி வந்த பேஸ் கிடாரை அந்தத் தம்புராவுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தான். எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு நம் சங்க விழாவில் அவனும் அவன் நண்பர்கள் மூவரும் அரை மணி நேரம் ராக் இசை வாசிக்க மேடை கேட்டார்கள். "அது இசையில்லை, சத்தம்" என்று குழுவில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று முடிவாயிற்று. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அன்று மாலை அவன் ஒலிபெருக்கியைக்கூடப் போடாமல் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று மணி அடித்த மாதிரி, ஆனால் மணியைவிட மெல்லியதாக, ஒரு சுரம் எழுந்து நின்றது. பேஸ் கிடார் என்றால் நெஞ்சுக்குள் 'தம் தம்' என்று இடிக்கும் கருவி என்றுதான் நினைத்திருந்தேன். "எந்த மெட்டை அமுக்கினாய்?" என்று கேட்டேன். "அமுக்கலை மாமா, சும்மா தொட்டேன்" என்றான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சுரமானிக் கம்பியை வைத்து இதே பாடத்தை நடத்தியவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது.

பாடம் இதுதான். இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டினால் அது முழு நீளத்துக்கு மட்டும் ஆடுவதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாக, மூன்று பங்குகளாக, நான்கு, ஐந்து பங்குகளாகவும் ஆடுகிறது. முழு நீள ஆட்டம் தருவது அடிப்படைச் சுரம். மற்றவை தருவன மேற்சுரங்கள். ஹார்மோனிக்ஸ் என்று கிடார்க்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் அசையாமல் நிற்கும் புள்ளிகள் உண்டு. அவற்றுக்குக் கணு என்று பெயர். கரும்பு விளைகிற நம் பக்கத்தில் கணு என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுரமானிக் கம்பிமேல் சின்னக் காகிதத் துண்டுகளை மடித்து உட்கார வைத்தால், கணுவில் இருப்பது அப்படியே இருக்கும், மற்றவை துள்ளி விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் காகிதத்துக்குப் பதில் விரல் நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தியின் நட்டநடுவில் விரலை வைத்தும் வைக்காமலும் மீட்டி, உடனே எடுத்துவிட்டால், நடுவில் ஆட வேண்டிய ஆட்டங்கள் எல்லாம் அடங்கிப்போகும். நடுவில் கணு உள்ளவை மட்டும் பிழைக்கும். கேட்பது மேல் ஸ்தாயி ஷட்ஜம்.

கிடாரில் இந்த இடம் 12-ஆம் மெட்டுக்கு நேர் மேலே. 7-ஆம் மெட்டுக்கு மேல் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு; மேல் ஸ்தாயிப் பஞ்சமம் பேசும். 5-ஆம் மெட்டில் இரண்டு ஸ்தாயி மேலே ஷட்ஜம். 4-ஆம் மெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தொட்டால் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே அந்தர காந்தாரம். 2-க்கும் 3-க்கும் இடையில் மெட்டே இல்லாத ஓரிடத்தில் ஏழாவது மேற்சுரம் ஒளிந்திருக்கிறது. அது கைசிகி நிஷாதத்தைவிடச் சற்று இறங்கியது. பியானோவில் அந்தச் சுரத்துக்குக் கட்டையே கிடையாது. பேஸ் கிடாரின் தந்தி நீளமானது, பெரும்பாலும் 34 அங்குலம். அதனால் கணுக்கள் தள்ளித்தள்ளி இருக்கும், விரலுக்கு எளிதில் அகப்படும். அதன் ஒரு தந்தியின் அடிப்படை நொடிக்கு 55 அதிர்வு என்றால் மேற்சுரங்கள் 110, 165, 220, 275 என்று ஏறுகின்றன. மனிதக் குரலின் எல்லைக்குள் அவை வந்துவிடுவதைக் கவனியுங்கள். இடித்துக்கொண்டிருந்த கருவி பாடத் தொடங்குவதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

இது நம் காதுக்கு அந்நியமா? இல்லவே இல்லை. தம்புராவின் மந்தரத் தந்தியைச் சுருதி சேர்த்து மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மேலே மிதப்பதை நம் பாட்டிமார்களே சொல்லியிருக்கிறார்கள். தானே பிறக்கும் சுரம் என்ற பொருளில் சுயம்பு சுரம் என்பார்கள். விஜயநகரத்து ராமாமாத்யர் 1550-இல் எழுதிய 'ஸ்வரமேள கலாநிதி'யில் சுயம்பு சுரங்களைப் பற்றிப் பேசுகிறார். அவர் சொன்னது இன்றைய இயற்பியல் சொல்லும் மேற்சுரங்கள்தானா என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

சர் சி.வி. ராமன் 1921-இல் நம் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒளிச்சிதறலில் நோபல் வாங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் கணு உள்ள மேற்சுரம் எழக்கூடாது என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று ராமன் காட்டினார். காரணம் குதிரை. வயலின் குதிரை கத்தி முனை மாதிரி. நம் குதிரையோ அகலமாக, லேசாக வளைந்து, தந்தியைப் படுக்க வைத்துக்கொள்வது. தம்புராவில் அதற்கும் மேலாக ஒரு நூலைச் செருகுகிறோம். ஜீவாளி என்ற அந்த நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் மேற்சுரங்கள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. பெயரிலேயே ஜீவன் இருக்கிறது, பாருங்கள். முந்தைய ஆண்டு, 1920-இல், நம் தோல் வாத்தியங்களில் மேற்சுரங்கள் ஒழுங்காக அமைவதைப் பற்றியும் அவர் எழுதியிருந்தார்.

ஆக, ஒரு நூலை வைத்து நாம் செய்ததை ராக் இசைக்காரர்கள் விரல் நுனியையும் மின்சாரத்தையும் வைத்துச் செய்தார்கள். மின்சாரம் இங்கே முக்கியம். சாதாரண கிடாரில் உயர்ந்த மேற்சுரங்கள் மெலிந்தவை, எழுந்தவுடன் கரைந்துவிடும். ஒலிபெருக்கியை முறுக்கிக் கரகரப்பாக்கும்போது பெரிய ஒலி ஓரளவுக்கு மேல் ஏற முடியாமல் நசுங்குகிறது, மெலிந்தது தூக்கிவிடப்படுகிறது. எந்தக் கரகரப்பைச் 'சத்தம்' என்று நாங்கள் குழுவில் ஒதுக்கினோமோ, அந்தக் கரகரப்புதான் உள்ளே ஒளிந்திருக்கும் சுரத்தை வெளியே கொண்டுவருகிறது. இது எனக்கு இந்த வயதில் தெரிந்துகொண்ட சங்கதி.

அக்கா மகன் எனக்குக் கேட்கக் கொடுத்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். பீட்டில்ஸ் 1964-இல் வெளியிட்ட 'ஐ ஃபீல் ஃபைன்', கிடார் ஒலிபெருக்கியோடு பேசி எழுப்பும் ரீங்காரத்தில் தொடங்குகிறது. யெஸ் குழுவின் 'ரவுண்டபௌட்' (1971) ஆரம்பத்தில் ஸ்டீவ் ஹௌ 12-ஆம் மெட்டில் தொட்டு எழுப்பும் மேற்சுரம். அதற்கு முன்னால் பியானோ ஒலியைப் பின்னிருந்து முன்னாக ஓட்டி, அலை ஏறுவது மாதிரி செய்திருக்கிறார்கள். அலை வந்து மோதுகிறது. மோதிய இடத்தில் ஒரு துளி. அவ்வளவுதான். அந்தத் துளிக்காக நான் நாலைந்து தடவை போடச் சொன்னேன். சுற்றிலும் அத்தனை ஆரவாரம் வரப்போகிற பாட்டில் முதலில் வருவது இந்தச் சின்ன ஒலி என்பதில்தான் கவர்ச்சியே இருக்கிறது.

பேஸ் கிடாருக்கு ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவரை ராக் கணக்கிலும் வைக்கலாம், ஜாஸ் கணக்கிலும் வைக்கலாம். 1976-இல் வந்த அவருடைய முதல் தட்டில், மனைவி பெயரில் அமைந்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி' என்ற உருப்படி, வேறு கருவி ஏதும் இல்லாமல் ஒரே பேஸ் கிடாரில் வாசித்தது. கீழே ஒரு தந்தி அடிப்படையைப் பிடித்துக்கொள்ள, மேலே மேற்சுரங்கள் இரண்டு மூன்று சேர்ந்து பேசுகின்றன. முதல் தடவை கேட்டபோது பியானோ என்றே நினைத்தேன். இரண்டாம் தடவை தம்புரா நினைவு வந்தது. அடியில் நிற்கும் ஒலியிலிருந்து மேலே உள்ளது பிறப்பது காதுக்குத் தெரிகிறது. பேஸ் கிடார் பின்னால் நின்று தாளம் காக்கும் கருவி மட்டுமல்ல என்பது தமிழர்களுக்குப் புதிதில்லை. இளையராஜா பாட்டுகளில் அது தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போவதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். ஜாக்கோ அதற்கு இன்னொரு மாடி கட்டினார் எனலாம்.

எல்லாவற்றையும் மெச்சிவிடவும் முடியாது. மீட்டும்போதே கட்டைவிரல் ஓரத்தால் தந்தியைக் கிள்ளி எழுப்பும் மேற்சுரம் ஒன்று உண்டு. இஸட் இஸட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 1973-இல் 'லா க்ரேஞ்ச்' பாட்டில் அதை அளவோடு, காரமாகச் செய்தார். பிறகு வந்த பலர் அதையே எடுத்துக்கொண்டு வாக்கியத்துக்கு வாக்கியம் 'கீச்' என்று ஊளையிட வைத்தார்கள். நம் கச்சேரிகளில் துரித கால ஸ்வரத்தைக் கைதட்டலுக்காகவே கொட்டுகிறவர்கள் இல்லையா, அந்தக் கதைதான். மிளகாயே குழம்பாகாது.

இன்னொரு குறையும் என் கர்நாடகக் காதுக்குப் பட்டது. மேற்சுரம் நிற்கிற சுரம். விரலை எடுத்த பிறகுதான் அது பிறக்கிறது. எடுத்த விரலால் அதை அசைக்க முடியுமா? கமகத்துக்கு இடமில்லை. தோடியின் காந்தாரத்தை ஒரு கணுவில் தொட்டுக் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது. மாண்டலின் ஸ்ரீனிவாஸும் கிடார் பிரசன்னாவும் மேல்நாட்டுக் கருவிகளில் கமகத்தைக் கொண்டுவந்தது தந்தியை அழுத்தி, இழுத்து, வழுக்கித்தான். அவர்கள் வாசிப்பில் நான் கேட்டவரை இந்த ஒலி அருமையாகத்தான் வரும். ஏன் என்று இப்போது புரிகிறது.

இப்படி நான் அடித்துப் பேசியபோது அவன் பதில் பேசவில்லை. ஜெஃப் பெக்கின் 'வேர் வேர் யூ' என்ற உருப்படியைப் போட்டான். 1989-இல் வந்தது. மின் கிடாரின் குதிரையோடு ஒரு கைப்பிடிக் கம்பி சேர்ந்திருக்கும். அதை அமுக்கினால் எல்லாத் தந்தியும் தளரும், தூக்கினால் இறுகும். ஜெஃப் பெக் ஒரு கணுவைத் தொட்டு மேற்சுரத்தை எழுப்பிவிட்டு, அது கரைவதற்குள் அந்தக் கம்பியால் அதை மேலும் கீழும் நடத்துகிறார். பாட்டின் மெட்டே அப்படித்தான் போகிறது. மேளம் கிடையாது. ஒரு சுரத்தில் இறங்கும்போது நேராக இறங்காமல், கீழே போய்த் தொட்டு, ஏறி, நிலைகொள்கிறது. ஆலாபனை என்று சொல்ல மாட்டேன், ராகமும் இல்லை. ஆனால் விரல் படாத சுரம் அசைகிறது. முடியாது என்று ஐந்து நிமிடம் முன்னால் நான் சொன்னது அது. ஜெஃப் பெக் 2023-இல் காலமானார் என்று பிறகு அவன் சொன்னான்.

சித்தூர் என்ற பெயரைக் கச்சேரி மேடைகளுக்கு எடுத்துச் சென்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898-1975) காலத்தில் பாடகருக்குப் பின்னால் தம்புரா இருக்கும். அதை மீட்டுவதே ஒரு பயிற்சி. இன்று பெட்டி வந்துவிட்டது, அதையும் தாண்டிக் கைபேசி வந்துவிட்டது. சுருதி சுத்தமாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஜீவாளியை நகர்த்தி மேற்சுரம் விழிக்கும் இடத்தைக் காதால் தேடுகிற வேலை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போயிற்று. அந்த வேலையை வேறொரு கருவியில், யாரும் சொல்லாமல், ஒருவன் எங்கள் திண்ணையில் செய்துகொண்டிருந்தான். அவனுக்குத்தான் நான் மேடை மறுத்தேன்.

மறுநாள் தம்புராவின் உறையை எடுத்தோம். ஜீவாளிக்குப் புது நூல் தையல் டப்பாவிலிருந்து வந்தது. சுருதி சேர்க்க அரை மணி ஆயிற்று. ஒரு பிருடை வழுக்கியது, சுண்ணாம்புப் பொடி தடவினோம். நான் மந்தரத்தை மீட்ட, அவன் தந்தியின் நடுவில் விரல் நுனியை வைத்து எடுத்தான். பிறகு மூன்றில் ஒரு பங்கில். பிறகு ஐந்தில் ஒரு பங்கைத் தேடி இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை பிடித்தான். சமையல்கட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "அம்மா காந்தாரம்னு சொல்லுவாளே, அதுதானேடா?" என்றாள்.

இந்த ஆண்டு விழாவில் பையன்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒலிபெருக்கி வாடகைக்கு யார் பணம் போடுவது என்ற பேச்சில் நிற்கிறது.