வெள்ளித்திரையின் நிறமும் நம்மவர் நிறமும்

சினிமாவைப் பற்றி விமர்சனம் எழுதப் புகும் நம் எழுத்தாளர்கள் கதையை ஆராய்கிறார்கள். வசனத்தை நிறுத்துப் பார்க்கிறார்கள். பாட்டையும் நடிப்பையும் பற்றிப் பக்கம் பக்கமாய் வாதாடுகிறார்கள். படத்தின் நிறத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பவர் அரியர். நிறம் என்பது காமிரா தானாகவே கொணர்ந்து கொட்டும் சரக்கு என்று கருதுகிறார்கள் போலும். இன்று திரையில் நாம் காணும் நிறம், படப்பிடிப்பு முடிந்தபின் இருட்டறையில் அமர்ந்து ஒருவர் தீர்மானித்த நிறமாகும். மனிதர் தீர்மானித்த எதுவும் விமர்சனத்திற்கு உட்பட்டதே அன்றோ?

முதற்கண் அவ்வேலை இன்னதென்று அறிவோம். பிலிம் சுருள் வழங்கிய காலத்தில், பிரதி எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளையும் 1 முதல் 50 வரையுள்ள படிகளில் ஏற்றியும் இறக்கியும் நிறத்தைச் சீராக்கினர். மாற்றம் காட்சி முழுவதற்கும் பொதுவாகவே விழும். முகத்தைத் தனியே பிரித்துத் தொட இயலாது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ என்னும் அமெரிக்கப் படத்தில், சுருள் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மிசிசிப்பி நாட்டுப்புறத்தின் பசுமையைக் காய்ந்த மஞ்சளாக்கிக் காட்டினர். அதன்பின் இம்முறை எங்கும் பரவிற்று. சென்னைக்காரர் இதனை ‘டி.ஐ.’ என்பர், நம் ஊரில் ‘கலர் கிரேடிங்’ என்றால் விளங்கும்.

இதற்கெனப் பெயர் பெற்ற பொறிகளுள் ஒன்று டாவின்சி. 1984இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றிய அக்கம்பெனியின் பொறி, பெரிய ஸ்டூடியோக்களுக்கே எட்டும் விலையில் இருந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் கம்பெனியார் அதனை வாங்கினர். இன்று அதன் ஒரு பதிப்பை இலவசமாகவே தருகின்றனர். ஆகவே கிள்ளானில் ஒரு மாடியறையில் இருக்கும் இளைஞரும், ஹாலிவுட்டார் கையாளும் கருவியைத் தாமும் கையாளலாம். காட்சியில் உள்ள தோலின் நிறத்தை மட்டும் வேறாகப் பிரித்தெடுத்து, அதன் ஒளியை வேண்டியவாறு உயர்த்தவும் தாழ்த்தவும் அக்கருவியால் முடியும். இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது.

தோலின் நிறத்திற்கு அளவுகோல் வகுத்தவர் யார்? 1950களில் கோடாக் கம்பெனியார், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் பதித்த அட்டையைப் போட்டோக் கூடங்களுக்கு வழங்கினர். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் செவ்வையாய் வந்தால் நிறம் செவ்வை என்பது விதி. கறுப்பரின் முகம் அவ்விதியால் நிழலில் மறைந்தது. பின்னர், கறுப்பின் நுட்பங்கள் படத்தில் விழவில்லை என்று மரச்சாமான் செய்வோரும் சாக்லெட் செய்வோரும் முறையிட்டபோது, பிலிமைத் திருத்த வழி பிறந்தது. மனிதர் முகத்தின்பொருட்டுத் திறவாத கதவு, மேசை நாற்காலிக்கும் மிட்டாய்க்கும் திறந்ததென்றால் என் சொல்வது!

இன்றைய பொறி அவ்வளவு ஓரவஞ்சனை உடையதன்று. நிறத்தை அளக்கும் ‘வெக்டர்ஸ்கோப்’ என்னும் அளவுத்திரையில் தோலின் சாயலுக்கென ஒரே ஒரு கோடு உண்டு. வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய எவர் தோலும் ஏறக்குறைய அக்கோட்டை ஒட்டியே விழும். வேறுபடுவன பெரும்பாலும் ஒளியின் அளவும் நிறத்தின் அடர்த்தியுமே. பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசும் பெரியோர்கள் அக்கோட்டை ஒருமுறை பார்ப்பது நலம்.

அப்படியிருந்தும் நம் படங்களில் காண்பதென்ன? கதாநாயகியின் கன்னம் ஒரு நிறம். அவள் கழுத்தும் கையும் வேறொரு நிறம். அவள் முகம் பால்போல் ஒளிர, பக்கத்தில் நிற்கும் தோழிப்பெண் தன் நிறத்திலேயே விடப்படுகிறாள். இதனைச் செய்தது பொறியன்று. பொறியை இயக்கிய நம்மவர் மனம். இத்தகைய பொறி இல்லாத 1988லேயே, மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவின் மாநிறத்தை இயல்பான ஒளியிலேயே காட்டினார். அழகு எங்கேனும் குறைந்ததா?

“கொட்டகையில் கறுத்த முகம் தெரிவதில்லை, ஆதலால் வெளுப்பாக்குகிறோம்” என்று சிலர் சமாதானம் கூறலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. கொட்டகைத் திரை சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா ஒளி தரவேண்டும் என்னும் கணக்கில்தான் படத்தின் நிறம் முடிவு செய்யப்படுகிறது. புரொஜெக்டர் விளக்கு தேய்ந்து மங்கினால் முதலில் மறைவது நிழலும் கறுத்த முகமுமே. ஆனால் தராசு கோணினால் தராசையன்றோ திருத்த வேண்டும்? நிறுக்க வந்த குலையைக் குற்றம் சொல்லலாகாது. விளக்கை மாற்றுவதைவிட்டு முகத்தை மாற்றுவது எந்த நியாயம்?

நிற்க. நம் நாட்டுப் படங்களுக்கு வருவோம். தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வெளிவந்தது. 1960களின் ரப்பர்த் தோட்டக் குடும்பம் ஒன்றின் கதை. அவருடைய ‘சலங்கை’ 2007இல் பிரிக்பீல்ட்ஸ் வாழ்க்கையைக் காட்டிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 2010இல், அவ்வட்டாரம் ‘லிட்டில் இந்தியா’ என்று அரசாங்கத்தாரால் திறந்து வைக்கப்பட்டு, வளைவுகளும் வண்ணங்களும் பெற்றது. ஆகையால் அப்படம் இன்று ஒரு சாட்சியமும் ஆகும். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசைப் பெற்றது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பத்தின் முகங்கள், அதில் நம் வீட்டு முகங்களாகவே இருக்கின்றன. பரிசு பெறுவதற்கு எவரும் வெளுக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வழி இருக்க, நம் இளைஞர் பலர் வேறு வழி செல்கின்றனர். எந்த நிறத்தை எந்த நிறமாக மாற்றுவது என்னும் ஆயத்த அட்டவணைகள் கடைச்சரக்காய் விற்கின்றன; ‘லட்’ என்பர். முகமெல்லாம் ஆரஞ்சு, நிழலெல்லாம் நீலப்பச்சை என்னும் ஹாலிவுட் பாணியை வாங்கிப் பாட்டுப்படத்திற்கும் குறும்படத்திற்கும் ஒரேயடியாய்ப் பூசிவிடுகின்றனர். பூசியபின் செம்மண் செம்மண்ணாயில்லை. செம்பனை ஓலை எந்த நாட்டு மரத்தின் ஓலையோ என்று ஐயுறும்படி ஆகிறது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்ற முறையில் ஒன்று சொல்வேன்: குலை அறுக்கும் தொழிலாளி, கறுப்பு செம்மஞ்சளாய்த் திரும்புவதையும் உதிரிப்பழம் விழுவதையும் கண்டே பழமா காயா என்று அறிகிறார். அந்நிறத்தில் அவர் கூலி இருக்கிறது. அவர் வாழ்க்கையைப் படமாக்குவோர் நிறத்தை விளையாட்டாய் எண்ணுதல் தகுமா?

நிறத்தை மாற்றவே கூடாது என்பது நம் வாதமன்று. துயரத்திற்கு மங்கலும் திருவிழாவிற்குப் பொலிவும் கலைஞர் உரிமை. அவ்வுரிமையை நம் முகத்தை மறைக்கச் செலவிடாதீர் என்பதே நம் வேண்டுகோள். நம் பாட்டன்மார் வெயிலில் கறுத்து இந்நாட்டைத் திருத்தினர். அந்தக் கறுப்பு கழுவித் தள்ளவேண்டிய அழுக்கன்று. பொறி மலிவாய்க் கைக்கு வந்துவிட்டது. இனி வேண்டுவது நேர்மையான கண் ஒன்றே. அடுத்த முறை படம் பார்க்கச் செல்லும் அன்பர்கள், கதாநாயகியின் கன்னத்தோடு அவள் கையையும் சற்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக!