வலிக்காத கை

உடம்பு பிடித்துவிடுவது என்றால் நம் மதுரைக்காரர்களுக்கு 'ஆத்தாடி' என்று கத்த வைக்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்த காசுக்கு வேலை நடக்கவில்லை என்று தோன்றும். தொக்கணத்துக்கு முதல்முறை போகிறவர்கள் இந்த எண்ணத்தைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதில் 9 வகை. அழுத்தல் அந்த ஒன்பதில் ஒன்றுதான்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். காய்ச்சல், புண், புதிய எலும்பு முறிவு, கர்ப்பம், காலில் இரத்தக்கட்டி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குப்புறப் படுத்ததும் இளஞ்சூட்டில் உளுந்துத் தைலமோ வாதகேசரித் தைலமோ முதுகில் இறங்கும். தேர்ந்த கை உடனே வேலையைத் தொடங்காது. தோள்பட்டைமேல் சற்று நேரம் சும்மா இருக்கும். பிறகு கழுத்தடியிலிருந்து நீவிக்கொண்டே வரும். எனக்கு இடது தோளில் தசை கயிறாய் முறுக்கிக் கிடந்தது. அந்த இடம் வந்ததும் விரலின் வேகம் குறைந்தது. சுற்றிலும் இளகும்வரை முடிச்சைத் தொடவே இல்லை. இந்த நிதானத்தைத்தான் ரசிக்க வேண்டும். மல்லிகை தொடுப்பவர் காம்பைப் பிடிக்கிற பிடி அது. பூ நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது.

மென்மைக்குக் காரணம் உண்டு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என உடம்பில் 108 வர்மப் புள்ளிகளைச் சித்த மரபு சொல்கிறது. படுவர்மத்தில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் எச்சரிக்கிறது. அந்த இடங்களை அறிந்த கை முரட்டுத்தனம் செய்யாது.

அசைத்தல் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிடித்துவிடுபவர் நம் கையைத் தூக்கினால் நாமும் சேர்ந்து தூக்குவோம், உதவுகிற நினைப்பில். அதை விட்டு, கையின் பாரம் முழுவதையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். தோள்மூட்டு எவ்வளவு காலமாக விறைத்துக் கிடந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

முடிந்ததும் பயத்தமாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். உடனே வெயிலில் வண்டி எடுக்க வேண்டாம். பகல் தூக்கமும் ஜிகர்தண்டாவும் அன்றைக்கு ஆகாது.

பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் விசாரியுங்கள். வலித்தால் தயங்காமல் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் மட்டும், "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்று கேட்காமல் இருந்து பாருங்கள்.