உழவன் மகன் பிழைத்த கதை

ஏழு சாமுராய்கள் ஓர் உழவர் கிராமத்தைக் கொள்ளையரிடமிருந்து காக்கும் அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ 1954இல் வந்தது. ஆறே ஆண்டில் ஜான் ஸ்டர்ஜஸ் அதை மெக்சிகோ கிராமம் ஒன்றுக்குக் கொண்டுபோய் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ ஆக்கினார். ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வாள் போய்த் துப்பாக்கி வந்தது, மூன்றரை மணி நேரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கதையின் உள்ளே நடந்த பெரிய மாற்றம் வேறு. ஜப்பானியப் படத்தில் இரண்டு இளைஞர்கள். கட்சுஷிரோ பிறப்பிலேயே சாமுராய்; கிகுச்சியோ சாமுராய் என்று சொல்லித் திரியும் உழவன் மகன். முன்னவன் ஊர்ப்பெண் ஷினோவைக் காதலித்தும் சேர முடிவதில்லை. பின்னவன் கடைசிச் சண்டையில் குண்டடிபட்டுச் சாகிறான். ஸ்டர்ஜஸ் இருவரையும் சீக்கோ என்ற ஒரே ஆளாக்கினார். அவன் சாகவும் இல்லை, காதலியை இழக்கவும் இல்லை. துப்பாக்கிப் பட்டையைக் கழற்றிவிட்டு ஊரிலேயே தங்கிவிடுகிறான். செலவைக் குறைக்கும் திரைக்கதைச் சிக்கனம் போலத் தெரிந்தாலும், இந்த இணைப்பில்தான் படத்தின் அரசியலே மாறிப்போகிறது.

குரோசாவா எடுத்துக்கொண்ட காலம் பதினாறாம் நூற்றாண்டின் இறுதி. 1588இல் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி உழவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டார். வாள் பிடிப்பவன் வேறு, மண்வெட்டி பிடிப்பவன் வேறு என்பது அதன்பின் சட்டமாகவே இறுகியது. அந்தச் சுவர் எழுகிற நேரத்தில் கதை நடக்கிறது. ஊர் உழவன் மன்சோ தன் மகள் ஷினோவின் கூந்தலை வெட்டி ஆண்பிள்ளை வேடம் போடுவது கொள்ளையருக்குப் பயந்து அல்ல, காக்க வரும் சாமுராய்களுக்குப் பயந்து. ஊரார் ஒளித்துவைத்த கவசங்களைக் கிகுச்சியோ அள்ளிவந்து போடும்போது மற்ற அறுவரின் முகமும் இறுகுகிறது. தோற்று ஓடிய சாமுராய்களைக் கொன்று எடுத்தவை அவை. உழவர்கள் கபடக்காரர்கள்தான், அவர்களை அப்படி ஆக்கியது யார் என்று அவன் கத்துகிறான். தலைவர் கம்பெய் கண்கலங்கி, நீ உழவன் மகனா என்று மட்டும் கேட்கிறார்.

இதே குற்றச்சாட்டைச் சீக்கோவும் சொல்கிறானே என்று கேட்கலாம். சொல்கிறான்தான். ஆனால் அங்கே தரையில் கவசம் இல்லை. இந்த ஊரின் கையில் துப்பாக்கிக்காரர்களின் ரத்தமும் இல்லை, அவர்கள் கையில் இந்த ஊரின் ரத்தமும் இல்லை. பேச்சு பொதுவான நியாயமாகக் கரைகிறது. செவ்விந்தியர் ஒருவரின் உடலை இடுகாட்டில் புதைக்க வெள்ளையர் மறுக்க, எழுவரின் தலைவன் கிறிஸ் சவ வண்டியை ஓட்டிப்போகும் முற்பகுதிக் காட்சியை இன்னும் வலுவான மறுப்பாகக் காட்டுவார்கள். அருமையான காட்சி, ஐயமில்லை. அது நிறவெறியை எதிர்க்கிறது. ஆனால் அந்த எதிர்ப்பு ஊர் எல்லையோடு முடிந்துவிடுகிறது. கிராமத்துக்குள் எழுவரின் நேர்மையைச் சோதிக்கும் கேள்வியாக அது திரும்புவதே இல்லை. சீக்கோ எந்தக் கோட்டையும் தாண்டவில்லை, வீடு திரும்புகிறான், அவ்வளவே. வென்றவர்கள் உழவர்கள், நாம் அல்ல என்று இரண்டு படத்திலும் தலைவன் கடைசியில் சொல்கிறான். கம்பெய் சொல்லும்போது உயிர்தப்பிய மூவரில் ஒருவருக்கும் அந்த வெற்றியில் பங்கில்லை. கிறிஸ் சொல்வதற்குள் அவன் ஆட்களில் ஒருவன் வென்ற பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான்.