உஷாவின் தீர்ப்பும் பண்டரிபாயின் நடிப்பும்

திரைப்பட நடிகையரைப் பற்றிய எழுத்து தமிழில் குறைவன்று. அவர்தம் நடிப்பைப் பற்றிய எழுத்தே குறைவு. பண்டரிபாய் என்னும் பெயரைக் கேட்டவுடன், கண்ணீர் மல்கப் பூசை அறையில் நிற்கும் தாய் ஒருத்தியே பலர் நினைவில் தோன்றுகின்றாள். அவ்வுருவம் பொய்யன்று; ஆயினும் அது பாதி உண்மையே. மற்றப் பாதி, 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த 'அந்த நாள்' என்னும் படத்தில் உள்ளது. அப்படத்தின் உஷாவை ஆராயாமல் அவருடைய கலைவாழ்வை மதிப்பிடுதல் இயலாது.

கன்னட நாட்டுப் பட்கலில் பிறந்த பண்டரிபாய், இளமையில் கதாகாலட்சேபம் செய்து பழகியவர். ஆடலும் காட்சியும் துணை நில்லாத இடத்தில், குரல் ஒன்றாலேயே கேட்போரைக் கட்டிவைக்கும் கலை அது. 1943இல் 'வாணி' என்னும் கன்னடப் படத்தின் வழித் திரைக்கு வந்தார். 1952இல் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசனுக்கும், 1954இல் 'பேடர கண்ணப்பா'வில் இராஜ்குமாருக்கும் இணையாக நடித்தார். நாயகராக அவ்விருவருக்கும் அவையே முதற்படங்கள். இருமொழித் திரையுலகின் இரு பெருங்கலைஞர்க்கும் முதல் நாயகி ஒருவரே என்பது எண்ணத்தக்கது. 'பராசக்தி'யின் விமலா, பசித்தவனுக்கு உணவளிப்பதோடு நில்லாமல் அவன் சிந்தனையையும் திருத்த முற்படும் பெண். உஷாவின் வித்து அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

கறுப்புப் படமும் கணவனைக் கொல்லும் பெண்ணும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கக் குற்றப் படங்களைக் கண்ட பிரெஞ்சுத் திறனாய்வாளர்கள், 1946இல் அவற்றைப் 'பிலிம் நுவார்' என்றனர். கறுப்புப் படம் என்பது அதன் நேர்ப்பொருள். இருளும் நிழலும் மிகுந்த ஒளிப்பதிவு, பின்னோக்கிச் செல்லும் கதைகூறல், நம்பத்தகாத மாந்தர் ஆகியவை அவற்றின் இயல்புகள். ஆடவனை மயக்கி அழிக்கும் பெண்ணும் அவற்றில் அடிக்கடி தோன்றுவாள். பில்லி வைல்டர் 1944இல் இயக்கிய 'டபுள் இன்டெம்னிட்டி'யில், காப்புறுதிப் பணத்துக்காகக் கணவனைக் கொல்லத் திட்டமிடும் பெண்ணாகப் பார்பரா ஸ்டான்விக் நடித்தார். அத்தகைய பெண்ணைத் திரையில் கண்ட கணமே பார்ப்போர் மனத்தில் ஐயம் எழும்.

வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் தயாரித்த 'அந்த நாள்' தமிழின் கறுப்புப் படமாகும். ஜாவர் சீதாராமன் திரைக்கதை உரையாடல் எழுதியதோடு துப்பறியும் சிவானந்தமாகவும் நடித்தார், எஸ். மாருதிராவ் ஒளிப்பதிவு செய்தார். பாட்டில்லை, ஆடலில்லை, சண்டையில்லை. நாயகன் இராஜன் முதற்காட்சியிலேயே சுடப்பட்டு விழுகின்றான். அவ்வேடத்தில் நடித்தவர் சிவாஜி கணேசன் என்பதை நினைத்தால், இத்தொடக்கத்தின் துணிவு புலப்படும். தோட்டத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாட்டுக்காகவே படம் பார்த்த நம்மவர்க்கு இஃது எத்துணைப் புதுமையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வெளியீட்டில் படம் பெருவெற்றி காணவில்லை. மறுவெளியீட்டிலேயே அதற்கு வரவேற்புக் கிட்டியது.

கொலையை ஆராய வருபவரிடம் ஒவ்வொருவரும் மற்றொருவரைக் காட்டுகின்றனர். அண்டை வீட்டுச் சின்னையா நாயுடு இராஜனின் தம்பி பட்டாபியை ஐயுறுகின்றார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே ஐயுறுகின்றான். ஹேமா, இராஜனுடைய காதற்கிழத்தி அம்புஜத்தைச் சுட்டுகின்றாள். அம்புஜமோ சின்னையா நாயுடுவைக் காட்டுகின்றாள். வட்டம் முடிந்துவிடுகின்றது. மனைவி உஷாவை நோக்கி ஒரு விரலும் நீளவில்லை. ஆயினும், அவள் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்தே அக்குண்டு புறப்பட்டது. வானொலிப் பொறியாளனான இராஜன் நாட்டின் மறைசெய்திகளை ஜப்பானியர்க்கு விற்பவன் என்பதை அறிந்தவள் அவள்.

மேனாட்டுப் படம் கொலைகாரியை அழகின் பின்னே மறைத்தது. தமிழ்ப் படம் அவளைக் கற்பின் பின்னே மறைத்தது. பண்டரிபாயின் அடக்கமான முகத்தை யாரும் ஐயுறார் என்னும் நம்பிக்கையின் மீதே இப்படம் கட்டப்பட்டுள்ளது. எனவே அவருக்கு வாய்த்த பணி எளியதன்று. அவர் காட்டும் துயரம் முதன்முறை பார்ப்போர்க்குக் கைம்மைத் துயரமாகவும், மறுமுறை பார்ப்போர்க்குத் தன் கையால் இழந்தவளின் துயரமாகவும் விளங்க வேண்டும். மிகை நடிப்பு சிறிது தலைகாட்டினும் மறைபொருள் வெளிப்பட்டுவிடும். அக்காலத் திரையில் உரத்த குரலே நடிப்பெனப் போற்றப்பட்டது. அவரோ குரலைத் தாழ்த்தியும் பார்வையை நிறுத்தியும் அவ்விருபொருளையும் காத்தார். சிவாஜியின் சொல்வன்மைக்கு எதிரே இவ்வமைதி தோற்காமல் நிற்பதே அவர் திறனுக்குச் சான்று.

இலக்கிய மரபில் உஷா

உஷாவைக் கண்ணகியோடு ஒப்பிடுதல் இயல்பு. கண்ணகி கணவனுக்காக நாட்டின் மன்னனிடம் நீதி கேட்டாள்; உஷா நாட்டுக்காகக் கணவனிடம் நீதி கேட்டாள். ஆயினும் நெருங்கிய உறவு குண்டலகேசியோடுதான். அக்காப்பியம் முழுமையாகக் கிடைக்கவில்லையெனினும், தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளிய பத்திரையின் கதையைத் தமிழாசிரியர் அறிவர். அக்கதையைத் தழுவிய 'மந்திரி குமாரி' 1950இல் வந்தது. கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதிய அப்படத்தில், மாதுரி தேவி ஏற்ற அமுதவல்லி கணவனை மலையிலிருந்து வீழ்த்துகின்றாள். எனினும் பத்திரையும் அமுதவல்லியும் தம் உயிருக்கு ஊறு நேர்ந்தபோது செயற்பட்டவர்கள். உஷாவை இராஜன் கொல்ல வரவில்லை. அவளை உந்தியது அச்சமன்று. ஆராய்ந்து கொண்ட கொள்கை. தமிழ்த் திரையில் பெண்ணுக்கு அரிதாகவே கிடைத்த சிறப்பு இது.

கெடா மண்ணிலிருந்து ஒரு வினா

கூலிம், சுங்கைப்பட்டாணிப் பகுதித் தமிழர்க்கு இப்படம் வேறொரு வினாவையும் எழுப்பவல்லது. கதையில் கொலை நிகழும் நாள் 11 அக்டோபர் 1943. சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த காலம். அதே மாதத்தில் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தனர். அதே மாதத்தில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். பால்மரம் சீவிய பெண்கள் பலர் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தனர். மறுபுறம், தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். ஜப்பானியரை நம்பிய விடுதலை வீரரும் ஜப்பானியரால் மடிந்த தொழிலாளரும் ஒரே இலயத்து மக்கள்.

இவ்வரலாற்றோடு பார்க்கும்போது, 'அந்த நாள்' ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்வது தெரிகின்றது. 1943இல் உஷா காக்க நினைத்த நாட்டின்மேல் பறந்தது அந்நியர் கொடியே. விடுதலைக்குப்பின் எடுக்கப்பட்ட படம் இவ்விடர்ப்பாட்டை ஆராயவில்லை; அஃது ஒரு குறையே. ஆனால் அதனால் உஷாவின் தீர்ப்புப் பழுதுபடவில்லை. விடுதலை வேண்டிப் பகைவனின் பகைவனோடு சேர்ந்தவர் வேறு. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்னும் சினத்தால் நாட்டை விலைபேசிய இராஜன் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிந்த பின்னரே அவள் செயலைப் போற்றவோ தூற்றவோ நமக்கு உரிமையுண்டு.

பின்னாளில்

இத்தகைய வேடம் பண்டரிபாய்க்குப் பின்னர் வாய்த்திலது. 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆருக்குத் தமக்கையானார். 1952இல் சிவாஜியின் காதலியாக நடித்தவர், 1969இல் 'தெய்வமகன்' படத்தில் அதே சிவாஜிக்கு மனைவியாகவும் தாயாகவும் நின்றார். 1973இல் 'கௌரவம்' படத்திலும், 1992இல் இரஜினிகாந்தின் தாயாக 'மன்னன்' படத்திலும் நடித்தார். ஏறத்தாழ ஒத்த வயதினரான நாயகர் இளைஞராகவே நீடிக்க, நாயகி மட்டும் முதுமைக்கு அனுப்பப்பட்டார். 'கௌரவம்' போன்ற படங்களில் சில சொற்களாலேயே ஒரு குடும்பத்தின் வேதனையைக் காட்டும் ஆற்றல் அவரிடம் குறையவில்லை. குறைந்தது அவருக்கு எழுதப்பட்ட வேடத்தின் அளவே. உஷாவின் முகத்தில் பொறுமையும் இருந்தது, தீர்ப்பும் இருந்தது. தமிழ்த் திரையுலகம் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டது.

2003இல் அவர் மறைந்தார். அவரைத் 'திரையுலகின் அன்னை' என்று போற்றுவதோடு அமைதல் போதாது. பொறுமையைப் பெண்ணின் இயல்பாகவும், தீர்ப்பை ஆணின் உரிமையாகவும் கொள்ளும் பழக்கம் திரையில் மட்டும் இல்லை, வகுப்பறையிலும் உண்டு. கண்ணகியைக் கற்பிக்கும் ஆசிரியர் அவள் கற்பை விரித்துரைத்து, அவள் வழக்குரைத்த அறிவைச் சுருக்கிவிடுவதும் அப்பழக்கமே. குண்டலகேசியைப் பயிலும் மாணவர்க்கு உஷாவையும் அறிமுகப்படுத்துதல் பயன் தரும். யாரும் ஐயுறாத அம்முகத்துக்குள் ஒரு பெண் எதையெல்லாம் எடைபோட்டாள் என்று அவர்கள் வினவத் தொடங்குவார்களாயின், அதுவே பண்டரிபாயின் கலைக்குச் செய்யும் தக்க சிறப்பாகும்.